பக்கத்து டீம் ஜெயிச்சா நமக்கு என்ன நஷ்டம்?



இன்னைக்கு சுகர், பிபி, காய்ச்சல் எல்லாத்துக்கும் லீவு. பாக்டீரியாவை வைத்து காலேஜ் பசங்க நடத்துற ஒரு உலகப் போட்டியைப் பற்றிப் பேசப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போட்டியோட பேர் ஐஜெம்.

"இன்டர்நேஷனல் ஜெனிட்டிக்கலி எஞ்சினியர்டு மெஷின்" என்பதன் சுருக்கம். பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம். விஷயம் எளிமையானதுதான்.

2003 ஜனவரியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான ஒரு குறுகிய கால வகுப்பாக இது ஆரம்பித்தது. 2004 கோடையில் 5 அணிகள் மோதும் போட்டியானது. 2005இல் 13 அணிகள். அடுத்த 15 ஆண்டுகளுக்குள் 300 அணிகளைத் தாண்டிவிட்டது. 2008லேயே நம்ம சென்னை ஐஐடி மாணவர்கள் களமிறங்கிட்டாங்க. இறுதி விழா பல வருடம் பாஸ்டனில் நடந்தது. 2022 முதல் பாரிஸில் நடக்கிறது.

அங்கே மாணவர்கள் என்னதான் செய்றாங்க?

நம்ம மருத்துவமனை ஃபிரிட்ஜில் இருக்கும் ஹியூமன் இன்சுலினை எடுத்துக்கோங்க. அது எந்த மனிதனிடமிருந்தும் எடுத்ததில்லை. மனித இன்சுலினுக்கான மரபணுவை ஒரு நுண்ணுயிரிக்குள்ள வச்சு, "இதைத் தயாரிச்சுக் குடு"ன்னு வேலை வாங்குறோம். 1982இல் அமெரிக்காவில் இதுக்கு அனுமதி கிடைத்தது.

அதே மாதிரி ஒரு வேலையைத்தான் இந்தப் பசங்க சின்ன அளவில் செய்றாங்க. ஒரு பிரச்சனையை எடுத்து, அதைத் தீர்க்கிற மாதிரி ஒரு நுண்ணுயிரியை வடிவமைக்கணும். அதுக்கு கிடைக்கிறது ஒரு வருடத்துக்கும் குறைவான நேரம்.

ஆரம்பத்திலேயே ஒரு நல்ல காரியம் பண்ணாங்க. டாம் நைட் என்ற எம்ஐடி கம்ப்யூட்டர் விஞ்ஞானி, டிஎன்ஏ துண்டுகளின் இரண்டு முனைகளையும் ஒரே அச்சில் அமைத்தால் எந்தத் துண்டையும் எந்தத் துண்டோடும் ஒட்டலாம் என்று ஒரு முறையை உருவாக்கினார். பயோபிரிக் என்று பேர். செங்கல்னு வச்சுக்கோங்க. மதுரையில் அறுத்த கல்லும் தஞ்சாவூரில் அறுத்த கல்லும் ஒரே அளவுல இருந்தா கொத்தனாருக்குத் தலைவலி இல்லையே, அது மாதிரி.

அணிகள் அந்தக் கல்லுகளைப் பொதுக் கிடங்கில் இருந்து எடுத்துக்கும். தாங்கள் புதுசா அறுத்த கல்லையும் கிடங்குக்கே திருப்பிக் கொடுக்கும். இப்படிச் சேர்ந்தது 20,000க்கும் மேல்.

சரி டாக்டரே, இதுல எங்களுக்கு என்ன இருக்கு?

இருக்கு. இது போட்டிதானே? ஆனா இந்தப் போட்டியில் ஒரு அணி இன்னொரு அணிக்கு வலியப் போய் உதவுது. ஒருத்தர் செய்த பரிசோதனையை இன்னொருத்தர் தன் லேப்பில் திருப்பிச் செஞ்சு பார்த்துச் சொல்றாங்க. ஒரு அணியிடம் இல்லாத கருவியில் இன்னொரு அணி அளந்து கொடுக்குது. கணக்கு தெரிஞ்ச பசங்க, கணக்கு தெரியாத பசங்களுக்கு மாடல் போட்டுத் தர்றாங்க.

எப்படி இது நடக்குது? அந்த ஊர்ப் பசங்க எல்லாம் ரொம்ப நல்லவங்களா?

இல்லைங்க. நல்ல குணம் எல்லா ஊரிலும் ஒரே அளவுலதான் இருக்கும். நான் சொல்ல வர்றது இதுதான்: சேர்ந்து வேலை செய்வது குணத்தை விட விதியைப் பொறுத்தது.

இதை என் கதையிலிருந்தே சொல்றேன். பெருமையான கதை இல்லை.

எம்பிபிஎஸ் பரீட்சையில் பாதி மார்க் எடுத்தா பாஸ். நான் பாஸ் ஆகணும்னா இன்னொருத்தன் ஃபெயில் ஆகணும்னு அவசியம் இல்லை. அதனால ஹாஸ்டலில் ராத்திரி 2 மணிக்கு ஒருத்தன் படிச்சுச் சொல்ல ஆறு பேர் சுத்தி உட்கார்ந்து கேட்போம். கைக்குப் போகும் நரம்புப் பின்னலை எனக்குப் புரியும் வரை பழைய நியூஸ்பேப்பரில் திரும்பத் திரும்ப வரைஞ்சு காட்டினான் ஒரு நண்பன். அவன் இல்லேன்னா நான் அனாடமி தாண்டியிருக்க மாட்டேன்.

பிறகு பிஜி நுழைவுத் தேர்வு வந்தது. அங்கே பாஸ் மார்க்கை வச்சு ஒன்னும் ஆகாது. ரேங்க்தான் எல்லாம். எனக்கு முன்னாடி ஒருத்தன் போனா நான் ஒரு படி கீழே.

அதே நண்பன் ஃபோன் பண்ணினான். "மச்சி, ஃபார்மா நோட்ஸ் முடிச்சிட்டியா? இருந்தா அனுப்புடா."

முடிச்சு வச்சிருந்தேன். பைண்டிங் கூடப் போட்டாச்சு.

"இன்னும் பாதி கூட ஆகலடா"ன்னு சொன்னேன்.

அந்த வருஷம் அவனுக்கும் சீட் கிடைக்கலை, எனக்கும் கிடைக்கலை. நான் இன்னைக்கும் எம்பிபிஎஸ்தான். நோட்ஸ் மட்டும் வீட்டுப் பரண்ல பத்திரமா இருக்கு.

ஆறு பேரோட உட்கார்ந்து படிச்சவனும் நான்தான். பொய் சொன்னவனும் நான்தான். நடுவுல மாறினது பரீட்சையோட விதி.

இப்போ ஐஜெம் விதியைப் பாருங்க.

அங்கே தங்கம், வெள்ளி, வெண்கலம் உண்டு. ஆனா ஒலிம்பிக்ஸ் மாதிரி ஒரே ஒரு தங்கம் கிடையாது. தங்கத்துக்கு இன்னின்ன செய்யணும்னு முன்னாடியே பட்டியல் கொடுத்துடுவாங்க. அதைச் செஞ்சு முடிச்ச எல்லா அணிக்கும் தங்கம். பக்கத்து டீம் தங்கம் வாங்கினா என் தங்கம் குறையாது!

முதலிடத்துக்கான பெரிய பரிசும் தனிப் பிரிவுப் பரிசுகளும் உண்டு. அதுக்கு உண்மையான போட்டியும் உண்டு. ஆனா பெரும்பாலான அணிகளின் கண் பதக்கத்தின் மேல. அதனால அடுத்தவனுக்கு உதவினா நஷ்டம் இல்லை. போதாததுக்கு, இன்னொரு அணியோடு சேர்ந்து உருப்படியா ஏதாவது செய்திருக்கணும் என்பதையே பல ஆண்டுகள் பதக்கத்துக்கான நிபந்தனைகளில் ஒன்றாக வச்சிருந்தாங்க.

உதவி செய்றவனுக்கு நஷ்டம் வராத மாதிரி விதியை எழுதிட்டா, பாதிப் பேர் தானா நல்லவங்களாகிடுவாங்க. இது என் அனுபவம்.

அடுத்த விஷயம், அளவுகோல்.

இங்கே என் டூட்டிக்கு ஒரு நிமிஷம் வாங்க.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு அக்கா வந்தாங்க. நாற்பது வயசு இருக்கும். இதய வால்வு மாற்றி உலோக வால்வு வச்சவங்க. ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை சாப்பிடணும். மாத்திரை அளவு குறைஞ்சா வால்வில் ரத்தம் கட்டிக்கும். அளவு கூடினா ரத்தக்கசிவு, சில சமயம் மூளைக்குள்ளேயே. கயிறு மேல நடக்குற வாழ்க்கை.

கையில ரெண்டு லேப் ரிப்போர்ட். ஒன்னுல ஐஎன்ஆர் மதிப்பு போட்டிருக்கு. இன்னொன்னுல ரத்தம் உறைய எத்தனை செகண்ட் ஆச்சுன்னு மட்டும் போட்டிருக்கு.

"போன தடவையை விடக் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா சார்?"

எனக்குச் சொல்லத் தெரியலை. உண்மையிலேயே தெரியலை. காரணம், அந்த செகண்ட் கணக்கு லேப்புக்கு லேப் மாறும். ரத்தத்தை உறைய வைக்க அவங்க ஊற்றும் ரசாயனத்தின் வீரியம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஒரே ஆளோட ரத்தம்தான், ரெண்டு இடத்துல ரெண்டு நம்பர் காட்டும்.

உலகம் முழுக்க இந்தக் குழப்பம் இருந்தது. 1983இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழி சொன்னது. ஒவ்வொரு ரசாயனத்தின் வீரியத்தையும் ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டு, வர்ற நம்பரைத் திருத்தி எழுதுங்க என்றது. அதுதான் ஐஎன்ஆர். வேலூரில் எடுத்தாலும் வியன்னாவில் எடுத்தாலும் 2.5 என்றால் 2.5.

அந்த அக்காவுக்கு எங்க லேப்பிலேயே திரும்ப எடுத்துப் பார்த்துத்தான் மாத்திரை எழுதினேன்.

இதே தலைவலி ஐஜெம் பசங்களுக்கும் இருந்தது.

பாக்டீரியா எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுக்க, அது வளரும் திரவத்தின் வழியா ஒளியை விட்டு எவ்வளவு கலங்கலா இருக்குன்னு பார்ப்பாங்க. இதை ஓடி அளவு என்பார்கள். பிரச்சனை என்னன்னா, ஒரு மெஷின் 0.4 காட்டுற திரவத்துக்கு இன்னொரு மெஷின் வேற நம்பர் காட்டும். அப்புறம் "எங்க பாக்டீரியா உங்க பாக்டீரியாவை விட நல்லா வேலை செய்யுது"ன்னு எப்படிச் சொல்றது?

2014 முதல் ஐஜெமில் இதுக்காகவே இன்டர்லேப் என்று ஒரு கூட்டு ஆய்வு தொடங்கினாங்க. பல நாட்டு அணிகள் ஒரே டிஎன்ஏவை, ஒரே செய்முறைப்படி, தங்கள் தங்கள் லேப்பில் அளந்து நம்பரை அனுப்பணும்.

2018இல் இதில் 244 அணிகளின் ஆய்வகங்கள் கலந்துகொண்டன. நினைச்சுப் பாருங்க. உலகம் முழுக்க 244 இடத்தில் மாணவர்கள் ஒரே வேலையைச் செய்றாங்க.

கேள்வி இதுதான்: கலங்கல் நம்பரை வச்சு எத்தனை பாக்டீரியா இருக்குன்னு கண்டுபிடிக்க எந்த வழி நம்பகமானது? மூணு வழியைச் சோதிச்சாங்க.

1. பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்து, முளைச்ச புள்ளிகளை எண்ணுவது. சிறுநீர்ப் பாதையில் கிருமி இருக்கான்னு நாங்க கல்ச்சர் போடுறோமே, அதே முறை.

2. ஒரு குறிப்பிட்ட சிலிக்கா கரைசலின் கலங்கலோடு ஒப்பிடுவது.

3. பாக்டீரியா அளவுக்கே இருக்கும் நுண்ணிய சிலிக்கா மணிகளைப் படிப்படியாக நீர்க்க வைத்து, ஒவ்வொரு படியிலும் மெஷின் என்ன காட்டுதுன்னு பார்ப்பது.

ஜெயிச்சது மூணாவது வழி. அந்த முறையில் கிடைத்த அளவீடுகளில் 95.5 சதவீதம், இருக்க வேண்டிய மதிப்பிலிருந்து 1.2 மடங்கு வித்தியாசத்துக்குள் அடங்கிவிட்டன. இன்னொரு நன்மை, யாராவது தப்பாச் செஞ்சிருந்தா அந்தப் படிகளைப் பார்த்தாலே காட்டிக் கொடுத்துடும்.

2020இல் "கம்யூனிகேஷன்ஸ் பயாலஜி" என்ற ஆய்விதழில் இது வெளியானது. பங்கெடுத்த மாணவர்களுக்கும் ஒரு குழுவாக ஆசிரியர் பட்டியலில் இடம் கொடுத்தாங்க.

எந்த ஒரு பெரிய பேராசிரியரும் தன் லேப்பில் தனியா உட்கார்ந்து இதைச் செய்திருக்க முடியாது. 244 லேப்பின் தப்புகள் தேவைப்பட்ட ஆய்வு இது. புது மாணவன் கை நடுக்கத்தோட எடுத்த அளவும் அதுக்குத் தேவைப்பட்டது!

என்னைக் கேட்டா, ஐஜெம் உலகத்துக்குக் கொடுத்த பெரிய பரிசுகளில் இதுவும் ஒன்னு. இதுக்குக் கோப்பை கிடையாது. ஆனா ஒருத்தர் சொன்ன நம்பரை இன்னொருத்தர் நம்பலாம் என்ற நிலையை உண்டாக்குது. அந்த அக்காவின் ரெண்டாவது ரிப்போர்ட்டில் இல்லாமல் போனது அதுதான்.

சரி, குறையே இல்லையா?

இருக்கு. சொல்லித்தான் ஆகணும்.

"இன்னொரு அணியோடு சேர்ந்து செய்" என்பதைப் பதக்கத்துக்கான நிபந்தனை ஆக்கினால் என்ன ஆகும்? நம்மூர் பசங்களுக்கே தெரியும். "நீ என் கேள்வித்தாளை நிரப்பு, நான் உன் கேள்வித்தாளை நிரப்புறேன்" என்று ஆரம்பிக்கும். ஆன்லைன் மீட்டிங் ஒன்னு, சிரிச்ச முகத்தோட ஸ்க்ரீன்ஷாட் ஒன்னு, முடிஞ்சது கூட்டு முயற்சி. மருத்துவமனையில் பார்வையிட வர்றவங்களுக்காக ரெஜிஸ்டரை மட்டும் நேர்த்தியா எழுதி வைக்கிற கதைதான் இது. பெட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு அதனால என்ன?

எதைப் பரிசுக்குக் கணக்கில் எடுக்கிறோமோ, அதன் நிழல்தான் முதல்ல வளரும். நிஜம் மெதுவாத்தான் வரும்.

நிஜத்தையும் நிழலையும் எப்படிப் பிரிக்கிறது? நான் மூணு கேள்வி கேட்பேன்.

ஒன்று. நீ உதவலைன்னா அந்த அணியின் முடிவு மாறியிருக்குமா? மாறாதுன்னா அது உதவி இல்லை, போட்டோ.

இரண்டு. "உங்க பாக்டீரியா எங்க லேப்பில் வேலை செய்யலை"ன்னு சொல்ல முடிஞ்சுதா? அதை மறைக்காம எழுதினாங்களா? நல்ல செய்தியை மட்டும் சொல்ற நண்பன் டாக்டருக்கும் ஆபத்து, விஞ்ஞானிக்கும் ஆபத்து.

மூன்று. யார் என்ன செய்தாங்கன்னு பேர் போட்டு எழுதியிருக்கா? இதில் ஐஜெமைப் பாராட்டணும். எந்த வேலையை மாணவர்கள் செய்தாங்க, எதில் வெளியாட்கள் உதவினாங்கன்னு ஒவ்வொரு அணியும் தனிப் பக்கத்தில் எழுதியே ஆகணும். ராத்திரி டூட்டியில் ஒரு நர்ஸ் அக்கா கண்டுபிடிச்ச மாற்றத்தை, காலைல ரவுண்ட்ஸில் "நான் கவனிச்சேன்"ன்னு டாக்டர் சொல்ற இடத்தில், அடுத்த முறை அந்த அக்கா எதுக்கு வாயைத் திறக்கணும்?

இன்னொரு குறை பணம். பதிவுக் கட்டணமே பல ஆயிரம் டாலர். அதுக்கு மேல விமான டிக்கெட், விசா, தங்கும் செலவு. மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு அரசு கலைக் கல்லூரி மாணவிக்கு இது எட்டாத தூரம். உலகப் போட்டின்னு சொல்றோம், ஆனா வாசல் கொஞ்சம் குறுகல்தான்.

"டாக்டரே, பசங்க கையில் மரபணு மாற்றின கிருமியா? வெளியே வந்துட்டா?"

நியாயமான பயம். ஐஜெமில் பாதுகாப்பு விதிகள் உண்டு. எந்தெந்த உயிரிகளைத் தொடலாம்னு பட்டியல் இருக்கு. பட்டியலில் இல்லாததைத் தொடணும்னா முன் அனுமதி வாங்கணும். செஞ்சதை லேப்பை விட்டு வெளியே விடக் கூடாது. கூட்டு வேலை இதுக்கும் கைகொடுக்கும். நாலு அணி பார்க்கும் வேலையில் தப்பு ஒளிஞ்சுக்க இடம் குறைவு.

கடைசியா ஒரு கதை. இதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

வங்கதேசத்தில் குளத்துத் தண்ணியைக் குடிச்சு வாந்தி பேதியில் குழந்தைகள் செத்தாங்க. அதைத் தடுக்க 1970களில் இருந்து ஊரெங்கும் அடிகுழாய் போட்டாங்க. நல்ல நோக்கம். ஆனா நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருந்தது. மணம் இல்லை, நிறம் இல்லை, சுவை இல்லை. வருடக்கணக்கில் குடிச்சவங்களுக்குத் தோல் கருத்து, உள்ளங்கை தடித்து, பலருக்குப் புற்றுநோய் வரை போனது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதை எந்தக் கிராமத்து அம்மா கண்ணால் கண்டுபிடிக்க முடியும்?

2006 ஐஜெமில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ மாணவர்கள் ஒரு பாக்டீரியாவை வடிவமைச்சாங்க. தண்ணியில் ஆர்செனிக் இருந்தா அது அமிலத்தைச் சுரக்கும். கூடவே போட்ட சாயம் நிறம் மாறும். அவ்வளவுதான். பார்த்தாலே தெரியும்.

2009இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள், கண்ணுக்குத் தெரியும் வண்ணங்களைச் சுரக்கும் பாக்டீரியாக்களை உருவாக்கி முதல் பரிசை வாங்கினாங்க.

பிற்பாடு அந்த ரெண்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, கிராமத்தில் பயன்படுத்தக்கூடிய ஆர்செனிக் சோதனைக் கருவிக்காகக் கூட்டாக உழைச்சாங்க. ஒருத்தர் கண்டுபிடிக்கும் கலையைக் கொண்டு வந்தாங்க, இன்னொருத்தர் காட்டும் கலையை.

ஆனா மரபணு மாற்றிய உயிரியை லேப்புக்கு வெளியே, ஒரு கிராமத்து வாசலுக்குக் கொண்டு போறது லேசான காரியம் இல்லை. சட்டம் இருக்கு, அனுமதி இருக்கு, பயம் இருக்கு, அதில் நியாயமும் இருக்கு. இந்த இடத்தில் ரெண்டு மாணவர் அணிகள் கை கோர்த்தால் போதாது. சட்டம் போடுறவங்க, சுகாதாரத் துறை, அந்தத் தண்ணியைக் குடிக்கிற அம்மா என எல்லாரும் அந்தக் கூட்டில் இருக்கணும். அதுவும் கடைசியில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குறதுக்கு இல்லை, முதல் நாளிலேயே.

அதனால என் கருத்து இதுதான்.

போட்டி இருக்கட்டும். போட்டி இல்லேன்னா நம்மள்ல பாதிப் பேர் காலைல எழுந்திருக்கவே மாட்டோம். ஆனா அதுக்குள்ள மூணு விதி வேணும். அடுத்தவன் ஜெயிச்சா எனக்கு நஷ்டம் இல்லை என்ற விதி. எல்லாரும் ஒரே அளவுகோலால் அளக்கும் விதி. யார் செய்தாங்கன்னு பேர் போட்டு எழுதும் விதி. இந்த மூணும் இருந்தா "சேர்ந்து வேலை செய்யுங்க தம்பிகளா"ன்னு மேடையில் அறிவுரை சொல்லத் தேவையில்லை.

இதைப் படிக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐஜெம் போக லட்சக்கணக்கில் காசு வேணும். அதன் விதியைக் கடன் வாங்கக் காசு வேணாம். உங்க கடைசி வருட புராஜெக்ட்டில், ஒரு குழுவின் முடிவை இன்னொரு குழு செய்து பார்த்து "வந்தது" அல்லது "வரலை"ன்னு எழுதினா மார்க் கொடுங்க. "வரலை"க்கும் அதே மார்க் கொடுங்க.

பெற்றோர்களுக்கு: "உனக்கு எத்தனையாவது ரேங்க்?"னு கேட்கிற அன்னைக்கு, "யாருக்குச் சொல்லிக் கொடுத்தே?"ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் சொந்தங்களுக்கு: ரிப்போர்ட்டில் ஐஎன்ஆர் மதிப்பு இருக்கான்னு பார்த்து வாங்குங்க. முடிஞ்ச வரை ஒரே லேப்பில் எடுங்க. நம்பரைப் பார்த்து நீங்களா மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க.

அந்த நண்பனுக்கு: நோட்ஸ் அன்னைக்கே முடிஞ்சிருந்துச்சுடா. மன்னிச்சிரு.



இப்படிக்கு,
உங்கள் அரசு மருத்துவமனை மருத்துவர்,
எம்பிபிஎஸ்